அடிப்படை ஆராய்ச்சி

ஆகஸ்ட் 4, திங்கள்

சென்னையிலிருந்து கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து காலை முழுக்கப் படம் காட்டினார்கள். வள்ளியூர்ப் பொட்டலில், ஆடிக் காற்றில், கோட்டு! ஐந்து காலேஜ் சேர்ந்து ஓர் எக்ஸ்சேஞ்ச் வைத்துக்கொள்ளப் போகிறோமாம். இந்தக் காலேஜில் மெஷின் சும்மா கிடந்தால் அந்தக் காலேஜ் வேலை இங்கே வந்து ஓடுமாம். அங்கே லைனில் இடமிருந்தால் நம் டேட்டா அதில் போகுமாம். யாரும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டாம், வயரைப் பிடுங்கி மாட்ட வேண்டாம், நடுவில் ஒரு சாஃப்ட்வேர் உட்கார்ந்து எங்கே காலி என்று பார்த்துப் பார்த்து அதுவே அனுப்பும். இதைச் சொல்லத்தான் அத்தனை படம். நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன்: ஷேர் ஆட்டோ.

பிரின்சிபால் டாக்டர் குணசீலன் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அவர் கம்ப்யூட்டரில் பிரிண்ட் வரவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார், போய்ப் பார்த்தால் பேப்பர் இருக்காது. அவர் குறிப்பெடுத்து என்ன செய்யப் போகிறாரோ.

கடைசியில் முதலாளி ஜெயபாண்டி எழுந்தார். இந்தக் காலேஜைக் கட்டினவர், பேச்சு எப்போதும் ரெண்டு வரிதான். "மாசக் கடைசியில எல்லாரும் உக்காந்து பாப்போம். சர்வர் ரூம் மெஷினு சும்மா கெடக்குன்னு தெரிஞ்சுதுன்னா வித்துப்போட்டு அங்க யோகா ஹால் போட்டுருவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போன வருஷம் லைப்ரரியில் பாதி காலியாகக் கிடக்கிறது என்று சொல்லி மெஸ் போட்டவர் அவர். இன்றைக்கும் அங்கே புத்தகத்தை எடுத்தால் சாம்பார் வாசம் அடிக்கிறது.

அந்த ரூமைக் கட்டின நாளிலிருந்து நான்தான் இன்சார்ஜ். இசக்கியப்பன் இல்லாமல் அதன் கதவைத் திறக்கக்கூட ஒருத்தனுக்கும் தெரியாது. யோகா ஹாலாம்! முதலாளி முதலில் குனிந்து தன் காலைத் தொடட்டும்.

வீட்டில் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. ஃபுட்வால்வ் போய்விட்டது போல.

ஆகஸ்ட் 6, புதன்

எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு காலேஜும் தன் விதியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டுமாம். யார் வேலையை உள்ளே விடலாம், யாருக்கு முதல் இடம், எல்லாம் நம் இஷ்டம். எழுதிவைத்ததை சாஃப்ட்வேர் அப்படியே கடைப்பிடிக்கும், சிபாரிசுக்கெல்லாம் மசியாது. அந்த ஒரு குணம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

மற்ற நான்கு காலேஜ் எழுதிய விதிகளைப் பார்த்தேன். அடேயப்பா, என்ன தாராளம்! கடற்கரையில் இருக்கிற அந்தப் பெண்கள் கல்லூரி, மொத்தமே ரெண்டு பழைய மெஷின் வைத்திருக்கிறது. அது எழுதியிருக்கிறது: வந்தவர் யாராக இருந்தாலும் வேலை முடியும்வரை இருக்கலாம், நடுவில் இறக்கிவிட மாட்டோம். கல்யாண வீட்டுப் பந்தியா இது?

நான் ஒரே ஒரு விதி எழுதினேன். எங்கள் காலேஜ் வேலை வந்தால் வெளியார் வேலை பாதியில் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஃபுட்வால்வ் மாற்றியாச்சு. அந்த ப்ளம்பர் ஒரு தண்டம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

யூபிஎஸ்ஸுக்குப் பொட்டு வைத்து ஊதுபத்தி காட்டினேன். கோட்டுக்காரர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். மின்சாரம் போகும்போது அவர்கள் கோட்டு வந்து மெஷினைத் தாங்காது.

அந்தப் பெண்கள் கல்லூரியிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு லெக்சரர் போன். எக்ஸ்சேஞ்சை அங்கே அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு தேங்க்ஸ். "சார், மத்தியானத்துக்கு மேல உங்க மெஷின்ல எங்க அலைக் கணக்கு ஓடும் சார். விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிஞ்சுரும். தேங்க்ஸ் சார்." காற்று, கடல் எல்லா விவரத்தையும் போட்டு மறுநாள் அலை எவ்வளவு உயரம் என்று கணக்கிடுவாளாம். சாயங்காலம் ஊர்க்காரர்கள் போனுக்கெல்லாம் அனுப்புவாளாம். அதைப் பார்த்துத்தான் விடிகாலையில் படகை இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். அவள் மெஷினில் போட்டால் கணக்கு முடிவதற்குள் படகு போய்த் திரும்பிவிடுமாம்.

கடலில் அலை எவ்வளவு உயரம் அடித்தால் எனக்கென்ன? சரி சரி என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரின்சிபால் ரூமுக்கு வந்தார். ஏசிக்காகத்தான் வந்தார் என்று நினைத்தேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஸ்கிரீனைப் பார்த்தார். "இசக்கியப்பன், மூணுல ரெண்டு பங்கு காலியாத் தெரியுதே? முதலாளி கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"பிள்ளைகள் லேப்பு நேரத்துல நெறையும் சார்."

"இப்ப லேப்பு நேரம்தானே?"

எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு புன்னகை வேறு. போய்விட்டார்.

மெஷின் என்பது சும்மா கிடக்கக் கூடாது. பைக்கை ஓட்டாமல் போட்டு வைத்தால் பேட்டரி இறங்கிவிடும், இதுவும் அப்படித்தான். அதனால் மெஷின்களின் நலத்துக்காக ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகும். கடைசிக்குப் போனதும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். எங்கெல்லாம் காலி இருக்கிறதோ அங்கெல்லாம் அதைப் போட்டேன். ஸ்கிரீன் அடி முதல் நுனி வரை சிவப்பாகிவிட்டது, பார்க்கவே நிறைவாக இருந்தது.

என்ன வேலை என்று எழுதினால்தான் எக்ஸ்சேஞ்ச் ஏற்றுக்கொள்ளும். "அடிப்படை ஆராய்ச்சி" என்று போட்டேன். எண்ணுவதைவிட அடிப்படையான ஆராய்ச்சி வேறென்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 13, புதன்

ஜெசிந்தா போன். "சார், நேத்தும் முந்தாநாளும் எங்க கணக்கு பாதியில நின்னுட்டு. வெளிய தள்ளிட்டு சார்."

"எங்க வேலை வந்தா வெளியாளு எறங்கணும். விதி."

"ஏதோ அடிப்படை ஆராய்ச்சின்னு போட்டிருக்கே சார், அது எப்ப முடியும்?"

ஆராய்ச்சிக்கு முடிவு தேதி உண்டா என்று கேட்டேன். அதற்கும் "தேங்க்ஸ் சார்" என்றாள். எதற்குத்தான் தேங்க்ஸ் சொல்வது என்று ஒரு அளவில்லையா இந்த மனுஷிக்கு?

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி, மிட்டாய், பிரின்சிபாலின் பேச்சு. போன வருஷப் பேச்சேதான், வருஷத்தை மட்டும் மாற்றியிருந்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரு வாரமாகப் பிள்ளைகளிடமிருந்து ஒரு புகார் இல்லை. முன்பெல்லாம் மெஷின் மெதுவாக ஓடுகிறது, மாட்டிக்கொண்டது என்று வாசலில் வந்து நிற்பார்கள். இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ரூமை நான் வைத்திருக்கிற விதம் அப்படி.

வருகிறவர் பி.டி. மாஸ்டர் துரைப்பழம் ஒருவர்தான். கிரவுண்டில் வெயில் ஏறினதும் வந்து ஏசிக்குக் கீழே நின்று பனியனைத் தூக்கிக் காற்று வாங்குவார். மெஷின் பக்கம் கூலாக இருக்கட்டும் என்று நான் வைத்திருக்கிற மோரில் பாதியைக் குடித்துவிடுவார். இன்று, "என்ன அண்ணாச்சி, ரூமே கோயில் மாதிரி அமைதியா இருக்கு" என்றார். படிக்காத கழுதைக்குக்கூட என் நிர்வாகம் புரிகிறது.

மத்தியானம் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டைக் குழம்பு. சாளை என்னாச்சு என்றேன். "மார்க்கெட்டுக்கே மீன் வரல. கடலுக்குப் பாதிப்பேரு போகலையாம். நான் என்ன, கடல்ல எறங்கியா பிடிச்சிட்டு வர முடியும்?" என்றாள் பகவதி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பெண்டாட்டி எந்த ஊரில் கிடைப்பாளோ.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மறுபடி ஜெசிந்தா போன். இன்றைக்குத் தேங்க்ஸ் இல்லை.

"சார், இத்தனை நாள் எப்படியோ ஒப்பேத்துனோம். புதன்கிழமை சாயங்காலம் எங்களால கணக்கை முடிக்க முடியல. 'இன்னைக்குக் கணக்கு இல்ல, நீங்களே பாத்துக்கோங்க'ன்னு அனுப்பிட்டேன். பாதிப்பேரு போகல. போனவங்க வலையை அறுத்துட்டு வந்திருக்காங்க. ஒரு போட்டு கவுந்து, ஒருத்தருக்குத் தோள்பட்டை எறங்கிட்டு. ஆள் பொழைச்சது பெரிசு."

வருத்தம்தான் என்றேன். அதற்கென்ன, உங்கள் மெஷினிலேயே போட வேண்டியதுதானே, கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பித்தால் ஆச்சு என்றும் சொன்னேன்.

"எங்க மெஷின்லயா? அதுல எங்க சார் இடம்? உங்க காலேஜ் பிள்ளைகள் வேலைதானே அதுல பூரா ஓடுது!"

உளறுகிறாள் என்று நினைத்து போனை வைத்துவிட்டுப் பார்த்தேன்.

உளறவில்லை.

அந்த ஷேர் ஆட்டோ இருக்கிறதே, எங்கள் மெஷின் நிறைந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு எங்கள் பிள்ளைகளின் வேலையை எல்லாம் வெளியே ஏற்றி அனுப்பியிருக்கிறது. லேப்பு, ப்ராஜெக்ட், பிரின்சிபால் மகனின் ஏதோ ஒரு கர்மம், எல்லாம் மற்ற காலேஜ்களில், அதிலும் பெரும்பங்கு அவளுடைய ரெண்டு பழைய மெஷினில். அவள் விதியில்தான் யாரையும் நடுவில் இறக்கக் கூடாதே! அதனால் எங்கள் பிள்ளைகள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் கணக்கு வாசலில் நின்றிருக்கிறது. இங்கே வந்தால் நான் தள்ளிவிட்டிருக்கிறேன்.

எங்கள் மெஷினில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. எண்ணிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு முட்டாள் சாஃப்ட்வேர்! நிறைந்திருக்கிறது என்றால் எதனால் நிறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ஆகஸ்ட் 23, சனி

யோசித்துப் பார்த்தேன். எண்ணுவதை நிறுத்தினால் பிள்ளைகளின் வேலை வீடு திரும்பும். அது வந்தாலும் மூன்றில் ரெண்டு பங்கு காலிதான். மீதியை வெளியாளை வைத்து நிரப்பினால் அது சர்வர் ரூமா, சத்திரமா? முதலாளி ஒரே பார்வையில் யோகா ஹால் என்று சொல்லிவிடுவார். அதோடு இந்த மாதம் முழுக்க என்ன ஓடியது என்று எக்ஸ்சேஞ்ச் மறக்காமல் வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டம். இன்னும் சில நாள்தானே, ஓடட்டும்.

தோள்பட்டை எல்லாம் கட்டுப் போட்டால் சரியாகிவிடும். என் மச்சானுக்கு ரெண்டு தடவை இறங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் வந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவினேன். "யாரு மேல உள்ள கோவத்த தொட்டி மேல காட்டுதிய?" என்றாள் பகவதி. எனக்கு யார் மேலேயும் கோபமில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. கொழுக்கட்டை நன்றாகத்தான் இருந்திருக்கும், நான் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு ரூமில் ஏசி சரியாக ஓடுகிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலேஜுக்குப் போனேன். ஏசி நன்றாகத்தான் ஓடியது. ஸ்கிரீனில் அவளுடைய அலைக் கணக்கு உள்ளே வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. எத்தனை முறை தள்ளினாலும் வருகிறது, ரோஷம் கெட்ட ஜென்மம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்லக் கூடாது.

ஐந்து காலேஜ் ஆட்களும் வந்திருந்தார்கள். கோட்டுக்காரர்களில் ஒருவன் மட்டும் வந்தான், இந்தத் தடவை கோட்டில்லை, வெயில் புத்தி புகட்டியிருக்கிறது. சுவர் அளவுக்கு ஸ்கிரீன். ஜெசிந்தாவை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. காட்டன் சேலை, கையில் டிபன்பாக்ஸ். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

எங்கள் காலேஜ் படம் வந்தது. முழுக்கச் சிவப்பு. பிரின்சிபால் எழுந்து, "நூறு சதவீதம்! நம்ம இசக்கியப்பனோட உழைப்பு" என்று கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். கோட்டில்லாத பையனுக்கு வாய் சும்மா இருக்குமா? அடுத்த படத்தைப் போட்டான். உங்கள் மாணவர்கள் வேலை முழுவதும் மற்ற காலேஜ்களில்தான் ஓடியது சார், ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது, இதுதான் எக்ஸ்சேஞ்சின் வெற்றி என்றான்.

முதலாளி நாற்காலியில் முன்னால் வந்தார். "இரு இரு. நம்ம பிள்ளைய வேலை பூரா வெளிய நடக்கு. நல்லாவும் நடக்கு. அப்ப நம்ம ரூம் என்னத்துக்குவே?"

"நம்ம ரூம்ல ஆராய்ச்சி நடக்குது சார்" என்றார் பிரின்சிபால்.

"என்ன ஆராய்ச்சி?"

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். சுவரில் என் எழுத்து ஆளுயரத்துக்கு நின்றது: அடிப்படை ஆராய்ச்சி. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் சரியாகத்தான் இருந்தது.

"சொல்லும்வே. மாசம் பூரா ஓடிருக்கு, என்னன்னு தெரியாதா?"

அப்போதுதான் ஜெசிந்தா எழுந்தாள். "அது நாங்க கேட்டு இசக்கியப்பன் சார் ஓட்டுனது. எங்க அலைக் கணக்கை மொத்தமா இங்க கொண்டு வரலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி மெஷினு முழுப் பாரத்தையும் இத்தனை நாள் விடாம தாங்குமான்னு பாக்கணும். அதுக்குத்தான் சோதனை."

கண்ணை இமைக்காமல் சொன்னாள்! எண்ணுகிற ப்ரோக்ராமுக்கு என்ன ஒரு கௌரவம்!

"தாங்குதா?" என்றார் முதலாளி.

"தாங்குது சார். ஏசி, கரண்டு எதுவும் ஒரு நாள்கூட நிக்கல. இந்த மாதிரி பராமரிச்ச ரூம் மத்த நாலு காலேஜ்லயும் கெடையாது."

"அலைக் கணக்கு வந்தா பேப்பர்ல வருமா? நம்ம காலேஜ் பேரு?"

"தினமும் எல்லா கடற்கரை ஊருக்கும் போற மெசேஜ்லயே உங்க காலேஜ் பேரைப் போட்டுருவோம் சார்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். யோகா ஹாலுக்கு வேற இடம் பாருங்க என்று பிரின்சிபாலிடம் சொன்னார். பிரின்சிபால் அதையும் குறிப்பெடுத்தார்.

டீ நேரத்தில் அவளைப் போய்ப் பிடித்தேன். கையில் போண்டா. "யாரு உன்னயப் பொய் சொல்லச் சொன்னா? எனக்குப் பரிஞ்சு பேச நான் கேட்டேனா?"

அவள் போண்டாவைத் தட்டில் வைத்தாள். "உங்களுக்காகச் சொல்லல சார். நீங்க என்ன ஓட்டுதீங்கன்னு எனக்கு ரெண்டாவது நாளே தெரியும். உள்ள வேலை நடந்தா மெஷினு ஏதாச்சும் எழுதும், படிக்கும். உங்களது சும்மா சுத்துது, அவ்வளவுதான். இன்னைக்கு ரூமை மூடிட்டா நான் எங்க போய்க் கணக்குப் போடுவேன்? இந்த அளவு மெஷினு பக்கத்துல வேற எவன்கிட்ட இருக்கு? எனக்கு உங்க ரூம் வேணும் சார், அதான் சொன்னேன். தோள்பட்டை எறங்குனது எந்தம்பிக்கு. உங்க மேல உள்ள கோவம் போகல, இப்போதைக்குப் போகாது."

"தம்பின்னு அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"வேற யாரோன்னா தள்ளிவிடலாமா சார்?"

வாய்த்துடுக்கு. என்ன வளர்ப்போ.

"அந்த விதியை எடுங்க" என்றாள். "இன்னைக்கே." கேட்கவில்லை, சொன்னாள். என் வயதில் பாதி இல்லை. தேங்க்ஸும் சொல்லாமல் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இத்தனை நாள் தேங்க்ஸ் சொல்லி என்னை ஏமாற்றியிருக்கிறாள். உள்ளே இப்படி ஒரு ஆள் இருக்கிறது என்று முதலிலேயே காட்டியிருந்தால் நானும் அதற்குத் தகுந்த மாதிரி பேசியிருப்பேன்.

ஆகஸ்ட் 30, சனி

எண்ணுவதை நிறுத்தினேன். எங்கே வரை எண்ணியிருக்கிறது என்று பார்க்கவில்லை. விதியையும் மாற்றினேன், அவள் சொன்னதற்காக அல்ல. சோதனை முடிந்துவிட்டது என்று கூட்டத்தில் சொல்லியாகிவிட்டது, இனியும் ஓடினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

புது விதி: அலைக் கணக்கு வந்தால் மற்ற எல்லாம் இறங்க வேண்டும். எங்கள் காலேஜ் உட்பட.

செப்டம்பர் 1, திங்கள்

பிள்ளைகளின் வேலை திரும்பி வந்துவிட்டது. வந்த அன்றே வாசலில் நாலு பேர், மெஷின் மெதுவாக ஓடுகிறதாம். மோரைக்கூட நிம்மதியாகக் குடிக்க விடவில்லை, சனியன்கள்.

மாலையில் பிரின்சிபால் போன். "இசக்கியப்பன், என் பையன் ப்ராஜெக்ட் பாதியில நின்னுடுச்சாம். வெளிய தள்ளிடுச்சாம்."

"முன்னால ஆளு இருக்கு சார்."

"என் பையன் சார்!"

"விதி சார்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொல்ல எத்தனை வருஷம் காத்திருந்தேன்!

செப்டம்பர் 3, புதன்

ஏசி ஃபில்டர் கழுவினேன். துரைப்பழம் மோர் கேட்டு வந்தார். இரைச்சல் போடாதேயும், கணக்கு ஓடுகிறது என்று விரட்டிவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கணக்கு விளக்கு வைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. முடிவை நான் ஒன்றும் தேடிப் பார்க்கவில்லை, ஸ்கிரீனில் அதுவாகத் தெரிந்தது. நாளைக்கு மூன்று மீட்டர் அலை. யாரும் போக மாட்டார்கள்.

பகவதிக்குப் போன் போட்டு முட்டை வாங்கி வைக்கச் சொல்லிவிட்டேன்.